நாற்பத்தொரு படிவங்கள்

கோவையில் ஏறியதும் விரித்த மூன்றாம் அத்தியாயம்
எட்டிமடை தாண்டியும் அதே பக்கத்தில் நிற்கிறது.
ஆய்வு முறையியல்.
கஞ்சிக்கோட்டில் ஏழு வார்ப்பாலைகள்,
பராமரிப்புத் தாமதத்தின் காரணங்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஐந்து புள்ளி அளவுகோல்.
நம்பகத்தன்மைக் குணகம் 0.91.

அந்த எண்ணருகே நெறியாளர் பத்மலோசனன்
பச்சை மையில் ஒரு சரிக்குறி போட்டிருந்தார்.
அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும்
பழம்பொரி என் கணக்கில்.

குறைகள் தெரியாமல் இல்லை.
மலையாளப் படிவத்தில் தாமதத்தைத் தாமசம் என்று பெயர்த்திருந்தேன்.
"இங்கே தாமசம் அதிகமா?"
ஒருவர் எதிரே எழுதியிருந்தார்:
மருதரோட்டில், அறைக்கு நாலு பேர்.

உலைப் பிரிவு ஆறுச்சாமி தமிழ்ப் படிவத்தை
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.
மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது.
"ஒப்புக்கறதும் இல்ல, மறுக்கறதும் இல்லைன்னா
அதென்னுங்க அம்மிணி,
கண்ணாலத்துக்குப் போயி மொய்யெழுதாம
சோத்தத் தின்னுட்டு வர்றதா?"
சிரித்துவிட்டு மூன்றிலேயே குறித்தார்.
மேற்பார்வையாளர் ரெஜிமோன்
ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.
அந்த ஆறடியை அளக்க
என்னிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

நேற்று ராத்திரிதான்,
கட்டிலில் படிவங்களைப் பரப்பி வைத்து
சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது:
ஒரே ஊதாப் பேனா.
இடப்பக்கம் சாய்ந்த ஒரே குறி,
வாலில் ஒரு சின்ன மைப்பொட்டு.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
ரெஜிமோனுக்கு இடதுகைப் பழக்கம்.
"ஷிஃப்ட் நேரத்தில் அவர்களை நிறுத்த வேண்டாம், மேடம்,
நானே வாங்கித் தருகிறேன்" என்றவர்
சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து
நாற்பத்தொரு மனிதர்களாக இருந்திருக்கிறார்.
கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியவில்லை.
எனக்கு முந்தி பேனா பிடித்து
எனக்கு வேண்டியதையே குறித்திருக்கிறார்.

அவற்றை எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் 0.64.
எழுபதுக்குக் கீழே இறங்கினால்
மதிப்புரையாளர்களின் புருவம் மேலே ஏறும்.
ஒரே கை நிரப்பினால் ஒற்றுமை வரத்தானே செய்யும்.
அதற்கு நாங்கள் வைத்த பெயர் நம்பகம்.

ஆறுச்சாமியின் படிவத்தின் முதுகில்
கரி விரல் ரேகைக்குப் பக்கத்தில் நாலு வரி:
"கம்ப்ரஸர் வால்வு ஸ்டோர்ல இருக்குது.
சாவி லீவுல போன ஆள் பாக்கெட்ல இருக்குது.
வெள்ளிக்கெழம நின்னா
திங்கக்கெழமதானுங்க."

இதற்கு மாறி இல்லை, குறியீட்டு எண் இல்லை.
உள்ளீட்டு நாளில்
முன்பக்கத்தை மட்டும்தான் தட்டச்சு செய்தேன்.

வாளையாறு.
வண்டி நடைவேகத்துக்கு இறங்குகிறது.
காட்டுக்குள் இருட்டு இன்னும் பிரியவில்லை.
எதிர் இருக்கைக்காரர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
நிற்கிறோம்.
எங்கோ முன்னால் கிளை முறியும் சத்தம்,
ஒருமுறை, கொஞ்சம் விட்டு இன்னொருமுறை.
பதினான்கு நிமிடம்.
இன்றைய குறிப்பேட்டில்
தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில்
ஓட்டுநர் ஒரே சொல் எழுதுவார்: யானை.
என் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களின் முன்பக்கங்களில்
இவ்வளவு நேரான பதில் ஒன்றும் இல்லை.

பென்சிலை எடுத்து 212-ஐ அடித்தேன்.
171 என்று எழுதும்போது வண்டி குலுங்கியதில்
ஏழு ஒன்றைப் போல விழுந்தது.
அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
0.91-ஐ இன்னும் தொடவில்லை.
அதன்மேல் அந்தப் பச்சைக் குறி.

கஞ்சிக்கோட்டில் இறங்கினால்
ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ரெஜிமோன்,
கண்ணாடி டம்ளர் இடதுகையில்.
என்னைக் கண்டதும் முகம் மலர்கிறது.

"மேடம், ஃபாரம் இனியும் வேணோ?"